ஸரூக் நானா மாப்புக் கேட்ட கதை

பதுளைக் கடைத்தெருவில் பெற்றோமெக்ஸ் லாம்பு பழுதுபார்க்க ஸரூக் நானாவை விட்டால் ஆள் கிடையாது. கோயில் திருவிழா, கல்யாணம், சாவு விழுந்த மையத்து வீடு, எதுவானாலும் தோட்டங்களிலிருந்து லாம்புகள் அவர் கடைக்குத்தான் வரும். கைக்குப் பேர்போன மனிதர். வாய்க்கும் பேர்போனவர்தான், ஆனால் அதை யாரும் பாராட்டிச் சொல்வதில்லை. கோபம் வந்துவிட்டால் முன்னால் நிற்பது யார் என்று பார்க்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

அப்படிப்பட்டவர் ஐம்பத்தாறு வயதில், எழுபத்துநாலாம் ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கும் மூன்று நாள் கல்வத்துக்குப் பெயர் கொடுத்தார் என்றதும் கடைத்தெருவே வாயைப் பிளந்தது. ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே ஒரு பழைய வீடு. அங்கே வீண் பேச்சு இல்லை, வியாபாரம் இல்லை. தனித்திருந்து இறைவனை நினைப்பதுதான் வேலை. மாலையானதும் எல்லாரும் வெள்ளை உடுத்து, வட்டமாகக் கைகோத்து நின்று ஹழரா செய்வார்கள். அல்லாஹ்வின் திருநாமத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லி, குதிகால் உயர்த்தி எழுந்து, முன்னே சாய்ந்து, மறுபடி நிமிர்வார்கள். வெளியே நின்று பார்க்கிறவன் அதை ஆட்டம் என்பான். உள்ளே நின்று வந்தவனைக் கேட்டால் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பான்.

கல்வத்தை நடத்தும் ஹஸ்ரத்திடமிருந்து வந்த கடிதத்தில் மூன்றே விஷயங்கள் இருந்தன. வெள்ளைச் சாரமும் சட்டையும் கொண்டுவரவும். வட்டத்தில் நின்றால் முடியும்வரை பக்கத்தில் இருப்பவர் கையை விடக் கூடாது. யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் மாப்புக் கேட்டுவிட்டு வரவும். அதைச் செய்யாமல் வட்டத்தில் நிற்க வேண்டாம்.

சாரம் பெரிய பாடாக இல்லை. மனைவி ஸித்தி ஸுபைதா பெருநாள் சாரத்துக்கு நீலம் போட்டுத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். மாப்பையும் ஸரூக் நானா வீட்டிலிருந்தே தொடங்கினார். அவள் குசினியில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸுபைதா, தெரிஞ்சும் தெரியாமயும் நான் ஏதும் செஞ்சீந்தா மாப்பு."

"மாப்பு, மாப்பு. அந்தத் தேங்காயக் கொஞ்சம் திருவித் தாங்க."

காரியம் இவ்வளவு லேசா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த உற்சாகத்தில் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பேக்கரி ஸலீம் கட்டிப்பிடித்து மாப்புத் தந்தான். தையல்காரர் ஒரு பிளேன்டீயும் சேர்த்துத் தந்தார். இரண்டு நாளில் பதுளையில் அவருக்கு மாப்புத் தராத ஆளே இல்லை என்று ஆகிவிட்டது.

புதன்கிழமை ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மாரிசாமி லாம்புக்கு மென்டில் வாங்க வந்தார். தோட்டத்து லயத்தில் குடியிருந்துகொண்டு அங்குள்ள கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். இவரும் எதற்கு மிச்சம் என்று ஸரூக் நானா கேட்டு வைத்தார்.

"மாரிசாமி, நான் எப்பயாச்சும் ஏதும் பேசீந்தா மாப்பு."

"ஐயோ மொதலாளி, அதெல்லாம் நான் அன்னிக்கே மறந்துட்டேங்க."

"எண்டைக்கு?"

"கார்த்திகைக்கு மொத நாளுங்க. நாலு வருஷமாச்சு. லாம்பக் கவுத்துத் தூக்கிட்டு வந்தேன்னு, கடை நெறைய ஆள் இருக்கையிலே, லயத்து மாடுன்னு சொல்லிட்டீங்க. கூட எம் மக இருந்துச்சு. அது செவப்புப் பாவாட கட்டியிருந்துச்சு." மாரிசாமி சிரித்தார். "அதெல்லாம் மறந்தாச்சுங்க."

ஸரூக் நானாவுக்கு அப்படியொரு நாள் நடந்ததாகவே நினைவில்லை. அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து மாரிசாமியின் கையைப் பிடித்தார். "ஒங்கட மகள் முன்னுக்கு ஒங்கள மாடுண்டு சென்னது பெரிய பிழ. அதுக்கு மாப்புத் தாங்க."

மாரிசாமி தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்பத்தாங்க மறந்தேன்."

அன்று மாலை ஸரூக் நானாவுக்குக் கடையில் கை ஓடவில்லை. ஊரெல்லாம் பொறுக்கிவந்த மாப்பு அத்தனையும் வெறும் வாய்ப் பேச்சு என்று பட்டது. பட்டதோடு, பதினாலு வருஷமாகத் தொடாமல் வைத்திருந்த ஒன்று நெஞ்சுக்குள் புரண்டது.

ஸுபைதாவின் உம்மா வெலிமடையில் மௌத்தான செய்தி அது. விடியும் முன், ஸுபுஹு நேரத்தில் உயிர் பிரிந்திருந்தது. காலை ஏழு மணிக்கே ஆள் வந்து கடையில் சொல்லிவிட்டுப் போனான். ஏழரைக்கு வெலிமடை பஸ். ஆனால் அன்று ஒரு தோட்டத்துக் கல்யாணத்துக்கு ஆறு லாம்பு முடித்துக் கொடுப்பதாக ஸரூக் நானா வாக்குக் கொடுத்திருந்தார். ஆறையும் முடித்து, நடுப்பகல் லுஹர் கழிந்து வீட்டுக்குப் போய், "இப்பத்தான் செய்தி வந்திச்சு" என்றார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுகையோடு அடக்கியாகிவிட்டது. ஸுபைதா உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. நல்ல மனிதர் என்று நான் சொல்லவந்தவர் செய்த வேலை இது. ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

முழங்கால் வலிக்காரருக்குக் குதிகால் உயர்த்துவது லேசில்லை. அதனால் ஒரு வாரமாக வீட்டின் பின்னறையில் ஸுபைதாதான் எதிரே நின்று, இரண்டு கையையும் பிடித்துப் பழக்கிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து சாயும்போது அவளும் எழுந்து சாய்வாள். அவர் தடுமாறிக் கையை உருவினால் அதட்டுவாள்: "கைய விடப்படாது ஸகீனாட வாப்பா! முடியிற வரைக்கும் விடப்படாதுண்டு எழுதியீக்கு." பிறகு இருவரும் சிரிப்பார்கள். கட்டிக்கொடுத்த மகள் ஸகீனா பார்த்தால் என்ன நினைப்பாள் என்று இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு நேரம் கைபிடித்து நின்றதில்லை.

வியாழக்கிழமை மாலை மஃரிபுக்கு முன் அப்படி நிற்கும்போதுதான் அவர் சொன்னார்.

"ஒங்கட உம்மாட செய்தி காலையிலயே வந்திச்சு ஸுபைதா. நான்தான் ஒளிச்சன். லாம்புக்காக."

அவள் கை அவர் கைக்குள் அப்படியே இருந்தது.

"தெரியும்" என்றாள். "அண்டைக்கே எண்ட தம்பி புவாத் சென்னான்."

"அப்ப ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் செல்லுவீங்க. அதையும் சேத்து எப்பிடிச் சொமக்கிற?"

"மாப்புத் தா."

ஸுபைதா மெல்லக் கையை உருவிக்கொண்டாள். "மனசுலேந்து வரல்லியே. வராம எப்பிடிச் செல்ல?" என்றவள் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு எடுக்கப் போனாள்.

ஸரூக் நானா பையிலிருந்து வெள்ளைச் சாரத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். வட்டத்துக்குப் போகும் தகுதி தனக்கில்லை என்று தீர்த்துவிட்டார். அழுகை வந்தது, அழுதார்.

வெள்ளி காலை அவர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தபோது ஸுபைதா நல்ல சாரி உடுத்து, முக்காடு போட்டு, கையில் பையோடு வாசலில் நின்றாள்.

"எங்க?"

"என்னய ஏழர பஸ்ஸுல வெலிமடைக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் வாசலிலிருந்தே திரும்பி நடந்தார். பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கொடுத்தார். ஹாலிஎல தாண்டியும் அவள் வெளியே பார்த்தபடியே வந்தாள். பதினாலு வருஷத்துக்கு முன் இதே நேரத்தில் இவள் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் அவருக்குத் தோன்றியது. தேயிலை முடிந்து உருளைக்கிழங்குப் பாத்திகள் தொடங்கின.

வெலிமடை நெருங்கும்போது சரிவில் பள்ளிவாசலும் அதன் பின்னால் உம்மாவை அடக்கிய மையவாடியின் மதிலும் தெரிந்தன. அந்த ஊர் வழக்கத்தில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. ஸுபைதா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "உம்மா, நான் காலையிலயே வந்திட்டன்" என்றாள்.

பிறகு, அவ்வளவு பேர் இருக்கிற பஸ்ஸில், முக்காட்டுக்குக் கீழே கை நீட்டி அவர் கையைப் பிடித்தாள். விரலோடு விரல் கோத்து, பின்னறையில் பிடித்த அதே பிடி.

"மாப்பு" என்றாள்.

அவள் மடியில் இருந்த பையை மற்றக் கையால் இறக்கிக் கீழே வைத்தாள். பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே நீலம் போட்ட வெள்ளைச் சாரம்.

"மத்தியானம் இங்கீந்து அப்புத்தளைக்கு பஸ் ஈக்கு. அங்கீந்து ஹல்துமுல்ல கிட்டத்தான். பின்னேர ஹழராவுக்குப் போய்ச் சேரலாம்."

பஸ் வளைவில் திரும்பியது. எதிர் இருக்கையில் இருந்த ஒரு கிழவர் அவர்களையே பார்த்தார். ஸரூக் நானா வெட்கப்பட்டுக் கையை இழுக்கப் பார்த்தார்.

"விடாதீங்க" என்றாள் ஸுபைதா. "இன்னம் முடியல்ல."