அத்தான் நோட்டில் எழுதிய தப்பு

என் அக்காவைக் கட்டிய அத்தான் லாரி பேட்டரி மெக்கானிக். சட்டையெல்லாம் ஆசிட் தின்ற ஓட்டை. "இதுல மாவு சலிக்கலாம்" என்பாள் அக்கா. "சலிச்சுப் பாரேன், நைஸா வரும்" என்பார் அவர்.

எங்கள் ஊருக்கு மின்கம்பி வந்ததில்லை. ஆஸ்பத்திரிக் கூரையில் சோலார் தகடுகள். உள்ளே ஒன்றோடு ஒன்று கோத்த இரண்டு பெரிய பேட்டரிகள்; ஒன்று செத்தாலும் எதுவும் ஓடாது. அவை அத்தான் பொறுப்பு. தினமும் தகட்டைத் துடைத்து, இரண்டின் மொத்த சார்ஜ் அளவை நோட்டில் எழுதிய பிறகுதான் பட்டறையைத் திறப்பார். போன் சார்ஜ் போட வருகிறவர்களிடம் மட்டும் தாட்சண்யமே கிடையாது. "போன் செத்தா மறுபடி பொழைக்கும்யா, ஆள் செத்தா?"

அப்படிப்பட்டவர், பிரசவ அறையில் பெண்கள் புழுங்குவது பொறுக்காமல் ஒரு லாரி மின்விசிறியை மாட்டினார். அதற்குப் பாதிக் கரண்ட் போதுமென்று ஒரே ஒரு பேட்டரியிலிருந்து வயர் இழுத்தார். விடுமுறையில் வந்திருந்த நான், வீட்டின் முதல் பட்டதாரி, அதுவும் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், வயரைப் பார்த்துவிட்டு "சூப்பர் அத்தான்" என்றேன்.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மூன்று நாளாக மழை. நான்காம் நாள் காலையில் குறைமாதத்தில் ஒரு குழந்தை பிறந்தது. ஆக்சிஜன் மெஷினில் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும். அரை மணியிலேயே மெஷின் கீச்சிட்டு நின்றது. நர்ஸ் கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தபடி, "அண்ணே, சீக்கிரம்!" என்று கத்தினார்.

அத்தான் மீட்டர் வைத்தார். ஒரு பேட்டரி நன்றாக இருந்தது. விசிறிக்கும் சேர்த்துத் தினமும் உழைத்தது செத்திருந்தது. அவர் முகமும் செத்தது. அடுத்த நொடி மழையில் பட்டறைக்கு ஓடினார். அங்கே நின்ற லாரியிலிருந்து இரண்டு பேட்டரியையும் கழற்றினார்.

"அண்ணே, வண்டி எப்படிக் கிளம்பும்?" என்றார் டிரைவர்.

"தள்ளினா கிளம்பும். அங்க புள்ளைக்கு மூச்சு நிக்குதுய்யா."

"தள்ள நீங்கதான் வரணும்" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் ஒன்றைத் தோளில் தூக்கினார்.

மெஷின் மறுபடி ஓடியது. ஆம்புலன்ஸ் வரும்வரை நிற்கவில்லை. குழந்தை தேறிவிட்டதாக மறுநாள் அதன் பெரியப்பா வந்து சொன்னார்.

"பேட்டரி பழசாயிடுச்சு போல" என்றார் நர்ஸ், அத்தானைக் காப்பாற்றும் தொனியில்.

"பழசில்ல சிஸ்டர். என் தப்பு." குழந்தையின் பெரியப்பா காதில் விழும்படியே சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார். 'விசிறியை ஒரே பேட்டரியில் மாட்டியது நான். அதனால் மெஷின் நின்றது.' கீழே கையெழுத்து.

"எதுக்கு அத்தான், வேலைக்கே உலை வைக்கிறீங்க?"

"எழுதலன்னா, எனக்கப்புறம் வர்றவனும் இதே மாதிரி மாட்டுவான் மாப்ள."

அவரிடமிருந்து பேனாவை வாங்கினேன். 'வயரைப் பார்த்தும் பாராட்டியது நான்' என்று எழுதி, கையெழுத்தோடு என் பட்டத்தையும் சேர்த்தேன்.