ரூத் அக்காவின் சூடு

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவிலுள்ள துணிக்கடையில் ரூத் அக்கா விற்பனைக்கு நிற்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நானும் இப்போது அங்கேதான் நிற்கிறேன். பெண்களுக்குக் கழிப்பறை ஒன்றுதான், கிடங்குக்குப் பின்னால். எழுதவே குமட்டுகிறது. வாளி விளிம்பில் பச்சைப் பாசி. மூலையில் யாரோ சுருட்டிப் போட்ட நாப்கின், அதன்மேல் எறும்புகள்.

அக்கா சுத்தக்காரர். அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்பதற்காகவே, காலையில் பஸ் ஏறியதிலிருந்து வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார்.

போன சித்திரையில் அவருக்குச் சிறுநீர் போகும்போது எரிந்தது. “சூடு” என்றார். நாங்களும் சூடு என்றோம். கால் கட்டைவிரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்கு வந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் திரும்பத் திரும்பப் பின்பக்கம் ஓடினார். மேற்பார்வையாளர் செல்வராஜ், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினார்.

“இன்னா ரூத்து, மறுபடியுமா? உள்ள இன்னா தெருக்கொழாயா வச்சிகினு கீற?”

அக்கா சிரித்து மழுப்பினார். கழிப்பறையைவிட அந்த ஆளைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் குமட்டியது.

மறுநாள் நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகில் குத்தல். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் நஜ்மா, அக்காவோடு படித்தவர். டப்பாவிலிருந்த சிறுநீர் கஞ்சித் தண்ணீர்போல் கலங்கி நாறியது. நஜ்மா அதைச் சோதித்துவிட்டு வந்தார்.

“சூடும் இல்ல, ஒரு எழவும் இல்லடி. கிருமி. உன் மலத்துல இருக்கறதுதான், முன்னால மூத்திர வழிக்கு வந்துகீது.”

“சீ! நான் எவ்ளோ சுத்தமா கீறேன்!”

“அதுக்கின்னா? அது மேல பூரா முடி மாதிரி கீது. நுனியில புடிமானம். பொடவையில நாயுருவி ஒட்டுதுல்ல, அப்டி மூத்திரப்பை சுவத்தைப் புடிச்சிக்கும். தண்ணி குடிச்சி அடிக்கடி போனா, புடிக்காததெல்லாம் அடிச்சிகினு போயிடும். நீ அடக்கிகினு இருந்த. அது பெருகி கிட்னிவரைக்கும் ஏறிடுச்சி. இன்னும் வுட்டிருந்தா ரத்தத்துல கலந்து ஆளே போயிருப்ப.”

“உள்ள… முடியா?” என்ற அக்கா, அங்கேயே வாந்தி எடுத்தார்.

ஊசி, மாத்திரை எல்லாம் முடிந்து கடைக்கு வந்த அன்று அக்கா, செல்வராஜ் எதிரிலேயே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார்.

“இனிமே எத்தினி வாட்டி வந்தாலும் போவேன், அண்ணாத்த. அந்த ரூமைக் கழுவச் சொல்லு.”

“வேலைய வுட்டுத் தூக்கிடுவேன்.”

“தூக்கு. உன் கிட்னியக் குடுப்பியா?”

செல்வராஜ் வேறு பக்கம் திரும்பி, மடித்திருந்த சட்டையை மறுபடி மடித்தார். அறையை இன்னும் யாரும் கழுவவில்லை. அக்கா ஓங்கரித்துக்கொண்டேதான் உள்ளே போகிறார். ஆனால் போகிறார்.