ஊர் தள்ளிவிட்ட சோளம்

பேருந்து நிறுத்தத்தில் அத்தையின் படத்தோடு பேனர் கட்டியிருக்கிறார்கள். 'அமைதியின் உருவமே' என்று போட்டிருக்கிறது. கீழே கைகூப்பி நிற்பவர்களில் முதல் முகம் வீரமுத்துவுடையது, ஊராட்சித் துணைத் தலைவர். ஒரு சண்டைக்குப் பிறகு அவரிடம் என் அத்தை செந்தமிழ்ச்செல்வி சாகும்வரை பேசவில்லை. அதைத்தான் அமைதி என்கிறார்கள் போலிருக்கிறது.

அத்தை அமைதியானவள் இல்லை. புருஷன் திருப்பூரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, வடக்கனந்தல் பக்கம் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டாள். அவள் வரப்பை யார் மிதித்தாலும் தெருவுக்கே கேட்கும்.

சோளம் காய வைக்க எங்களுக்கு ஓடுதளம் இருந்தது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறக்கப் போட்ட கான்கிரீட். பிறகு மத்திய அரசின் ராணுவ நிலம் என்று ஒரு பலகை மட்டும் நின்றது. அறுவடையானால் ஊரே அங்கேதான். எந்த இடம் எந்தக் குடும்பத்துக்கு என்பது மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வரும். அத்தை தன் இடத்தை அப்படித்தான் பெற்றாள். புருஷன் போனாலும் அதை விடவில்லை.

அந்த நிலத்தை மத்திய அரசு மாநிலத்திடம் ஒப்படைக்கிறது, ஆயுதப்படைப் போலீசுக்குப் பயிற்சி மைதானம் வருகிறது என்றார்கள். ஒப்படைக்கும் விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம், ஓடுதளத்தைச் சுத்தமாக வைக்கச் சொன்னார் வீரமுத்து. முன்னமே விதைத்தவர்களின் சோளம் காய்ந்திருந்தது, அள்ளிவிட்டார்கள். அத்தையுடையது உதிர்த்து ஒரு வெயில்தான் கண்டிருந்தது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். கோழித் தீவன வியாபாரி தொடமாட்டார். அந்த வருடம் அவளுக்கு இருந்தது அந்தச் சோளம்தான்.

"இன்னா செல்வி, ஊரே அள்ளிடுச்சி. ஒனக்குத் தனியா பத்திரிகை வெக்கணுமா?"

"இன்னும் ரெண்டு வெயில் காயட்டும் தலைவரே. அப்பறம் டில்லிக்காரன் வந்து படுத்து உருளட்டும்."

"ஆபீசருங்க கார்ல வராங்கம்மா."

"வரட்டும். பிளேன் எறங்குன எடத்துல கார் போவ வழியில்லியா?"

"நம்ம பசங்களுக்கு உள்ள வேல குடுப்பாங்கன்னு சொல்லிக்கினு இருக்கேன், நீ இன்னாடான்னா..."

"நம்ம பசங்கன்னு ஏன் சுத்தி வளைக்கிற? ஒன் பையனுக்குன்னு சொல்லு."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். வீரமுத்து முகம் கறுத்துத் திரும்பிப் போனார். போலீஸ் வரவில்லை, அதிகாரி யாரும் வரவில்லை. சோளம் கூட்டும் பலகையை எடுத்து அத்தையின் சோளத்தை முதலில் தள்ளியது பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுதான்.

"யக்கா, நீயா?" என்றாள் அத்தை.

"ஒருத்தி வாயால ஊருக்குக் கெட்ட பேரு வரணுமா?"

அதன் பிறகு எல்லோரும் தள்ளினார்கள். தார்ப்பாயோடு இழுத்து ஓரத்துப் பள்ளத்தில் விட்டார்கள். மலைப்பக்கம் கறுத்துக் கிடந்த மேகம் விடிவதற்குள் தூறிவிட்டது. காலையில் நானும் அத்தையும் பள்ளத்தில் இறங்கி அள்ளிக்கொண்டிருந்தபோது, வெளியே சாலையோரம் போட்ட பந்தலில் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கிவிட்டு அதிகாரிகள் கிளம்பினார்கள். ஓடுதளத்துக்குள் ஒரு கார்கூட வரவில்லை.

வியாபாரி சோளத்தில் கையை விட்டு முகர்ந்துபார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். குத்தகையும் போனது. அத்தை கூலி வேலைக்குப் போனாள்.

முள்வேலி வந்தது. உள்ளே வேலைக்கு ஒப்பந்தக்காரர் வெளியூர் ஆட்களை இறக்கினார். வீரமுத்துவின் மகனுக்கும் இல்லை. ஊர் தார்ச்சாலையில் சோளம் கொட்டியது. பைக்கில் வந்த ஒருவர் வழுக்கி விழுந்ததும் அதையும் தடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் அப்போது மொட்டை மாடி உள்ள வீடு ஒன்றுதான், அரசுத் திட்டத்தில் அத்தைக்குப் புதிதாகக் கிடைத்தது. சின்னப்பொண்ணு மாடிப்படியில் வந்து நின்றாள்.

"செல்வி, மாடிய ரெண்டு நாளு குடு. வூட்டுக்குள்ள கொட்டி வெச்சிருக்கேன். நாத்தம் புடிக்குது."

"நாளைக்கு யாரு வராங்கக்கா? டில்லியா, மெட்ராசா?"

"அத இன்னுமா நெனச்சிக்கினு இருக்க?"

"எறங்கு. படிய கழுவணும்."

மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். சின்னப்பொண்ணு தெருவில் உட்கார்ந்து அழுதாள். அத்தை வாசல் கதவைச் சாத்தவில்லை. அவளுக்கு எதிரில், தெரியும்படி உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.