தேயாத பிரேக் கட்டை

முதலில் பழுதானது சைக்கிள் என்றுதான் நினைத்தேன். கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் இடது பிரேக் பிடிக்கவில்லை. வலது பிரேக்கை இறுக்கி, வண்டியைத் தடுப்புச் சுவரில் உரசி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஒரு பீடி குடித்தேன். பிறகு பிடித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகவே இருந்தது. அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

காளப்பநாயக்கன்பட்டியில் எனக்கு மிளகு வியாபாரம். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழக்கம். மலைக்குப் போகும்போது சைக்கிளைப் பஸ்ஸின் மேலே போட்டுவிடுவோம். மேலே சுற்றி மிளகு வாங்கி, மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு, எழுபது வளைவையும் மிதிக்காமலே இறங்கி வருவோம். எங்களுக்குச் சைக்கிள் ஓட்டுவது என்றால் பிரேக் பிடிப்பதுதான். அது பிடிக்கவில்லையென்றால் கட்டையைச் சந்தேகப்படுவோமே தவிர, கையைச் சந்தேகப்பட எவனுக்குத் தோன்றும்?

சைக்கிள் கடை மாரப்பன் பழைய கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், இது புதுசாட்டம் இருக்குதுங்களே. எதுக்குங்க மாத்தறீங்க?"

"கீழ உழுந்தா நீங்களா வந்து தூக்குவீங்க? மாத்துங்க" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து மறுபடியும் அப்படியே ஆனது. இந்த முறை இறங்கி நின்றபோது இடது கையால் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுக்க முடியவில்லை. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கை விறைத்துவிட்டது, மலைக் குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்கு வந்து பிரேக் கம்பியையும் மாற்றினேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அது தற்காலிகப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் அடைபட்டு, தானே திறந்துகொள்வது). சரியாகிவிட்டதே என்று வீட்டில் உட்காராதீர்கள். எனக்கு இரண்டு முறை தகவல் வந்தது. இரண்டு முறையும் நான் அதைச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன்.

மூன்றாவது முறை வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இடது கால் மடங்கியது. மிளகின் மேலேயே விழுந்தேன். வாய் கோணிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் வாயு என்றார். இன்னொருவர் புறா ரத்தம் தடவச் சொன்னார். என் மனைவி மும்தாஜ் அதிர்ந்து பேசாதவள். அன்றைக்கு, "தடவறதுக்கு இது மூட்டு வலி இல்லீங்க, வழிய உடுங்க" என்று சொல்லி, வாடகை வேன் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கம் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. "வலப்பக்கம் அடைச்சா இடப்பக்கம் விழும். வந்தவரைக்கும் நல்லது. இனிமே பொறுமைதான் மருந்து" என்றார் டாக்டர். பொறுமை எனக்குப் பழக்கமில்லாத சரக்கு.

சேலம் கோட்டைப் பகுதியில் இருந்த மும்தாஜின் தம்பி சாதிக் வீட்டில் தங்கினோம். தினமும் பிசியோதெரபி (தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் தரும் பயிற்சி). முதலில் கால் வந்தது. மூன்றாம் மாதம் தடி இல்லாமல் நடந்தேன். விரல்களும் மெல்ல மடங்கின. பந்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னால் பிடித்தேன். ஆறாம் மாதம் சைக்கிள் ஓட்டலாமா என்று பயிற்சி தருகிறவர்களிடம் கேட்டேன். மேடு பள்ளம் இல்லாத வழியில், துணைக்கு ஒருவரோடு போகச் சொன்னார்கள்.

ஊரிலிருந்து என் சைக்கிளை வரவழைத்து, சாதிக்கே வழியைப் போட்டுக் கொடுத்தான். பள்ளிவாசல் தெருவில் கிளம்பி, பெருமாள் கோயில் மதிலை ஒட்டிப் போய், ஆற்றுப் பாலம் தாண்டி, அக்ரஹாரத்துப் பழைய வீடுகளையும் கடைவீதியையும் சுற்றி, செவ்வாய்ப்பேட்டை மண்டித் தெரு வரைக்கும். அங்கே கொலுசுப் பட்டறைகளில் தட்டும் சத்தம் கேட்கும். வெயிலுக்கு முன்னால் போய், வேறு தெரு வழியாகத் திரும்பிவிடலாம். வழி முழுக்க ஒரு இறக்கம் கிடையாது. எழுபது வளைவு இறங்கியவனுக்கு இது ஒரு வழியா என்று எரிச்சலாக இருக்கும்.

சாதிக் எப்போதும் என் இடப்பக்கமாக ஓட்டிவருவான். அப்படியும் இரண்டு முறை இடது கைப்பிடி மூட்டை வண்டியில் இடித்தது. வண்டிக்காரனைத்தான் திட்டினேன்.

"மச்சான், கொஞ்சம் அந்தப் பக்கமும் பாத்து வாங்க" என்பான்.

"நீ உன் வேலையப் பாரு மாப்ளே" என்பேன்.

எனக்கு ஒரே நினைப்புதான் இருந்தது. தை மாதம் மிளகு பறிக்கும்போது நான் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கி வரவேண்டும். நொண்டி பாய் என்று ஒருவனும் சொல்லக்கூடாது. மும்தாஜ் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "இந்தச் சுத்து வழிய நீங்க ஒரு நாள் உடாம போனா, நான் தடுக்கலீங்க" என்றாள் கடைசியில். நான் ஒரு நாள் விடவில்லை.

தை பிறந்தது. பட்டிக்குத் திரும்பினோம். மலை பஸ் நின்றுகொண்டிருந்தது. சைக்கிளை மேலே ஏற்றக் குனிந்த ஆளை மும்தாஜ் நிறுத்தினாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இங்க பாருங்க."

வலது பிரேக்கின் கட்டைகள் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தன. இடது பிரேக்கின் கட்டைகள் மாரப்பன் போட்டபடியே இருந்தன. வரிகூட அழியவில்லை.

"சமதரையில ரெண்டு பிரேக் எதுக்கு?" என்றேன்.

"இடது பிரேக்கப் புடிங்க."

பிடித்தேன். "புடிச்சுட்டேன், போதுமா?"

"நீங்க புடிச்சது சோத்துக்கையாலங்க."

குனிந்து பார்த்தேன். என் வலது கை வலது பிரேக்கை இறுக்கிக்கொண்டிருந்தது. இடது கை கைப்பிடியின் மேல் சும்மா கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க அவளைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். பஸ் போய்விட்டது.

மறுபடியும் சேலத்துக்குப் போனோம். கையில் பலம் இருக்கிறது என்றார் டாக்டர். இது ஒருபக்கப் புறக்கணிப்பு (உடம்பில் ஒரு பாதி இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காமல் விடுவது). புறக்கணிக்கிறவனுக்கே அது தெரியாதாம். "சுத்தி வந்தீங்களே, அந்த வழியில இடப்பக்கம் என்னென்ன இருக்கு, சொல்லுங்க" என்றார். பெருமாள் கோயில் மதில் வலப்பக்கம். கொலுசுப் பட்டறைகள் வலப்பக்கம். இடப்பக்கம் என்ன இருந்தது? சாதிக் இருந்தான். அதற்கு மேல் என் நினைவில் ஒன்றும் இல்லை. ஒரு பாதி ஊரில்தான் இத்தனை நாள் சுற்றியிருக்கிறேன்.

மறுபடியும் பயிற்சி. சாப்பிடும்போது தட்டின் இடப்பக்கத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். சட்டை போடும்போது இடது கையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறைதான். முன்னேற்றம் உண்டு. ஆனால் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது.

அடுத்த தையில் மலைக்குப் போனேன். பஸ்ஸில், மும்தாஜையும் கூட்டிக்கொண்டு. திருப்புலி நாடு என்ற மலைப் பகுதியில் வருசாவருசம் எனக்கு மிளகு கொடுக்கும் சின்னண்ணன் வாசலில் நின்று பார்த்தார்.

"சைக்கிளு எங்கீங்க பாய்?"

"ஊட்டுல கெடக்குதுங்க. எனக்குப் புடிக்க வராதுங்க இனிமே." சொல்வதற்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மிளகை அளந்து போட ஆரம்பித்தார்.

இறங்கும்போது நான் உட்கார்ந்த இருக்கையின் இடப்பக்கம் மும்தாஜ். முன் இருக்கைக் கம்பியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன். வளைவு வரும்போதெல்லாம் வலது கை தானாக இறுகியது. இடது கையை நான் திரும்பிப் பார்த்து, மனசுக்குள் 'பிடி' என்று சொல்ல வேண்டியிருந்தது. சைக்கிளில் நொடியில் கடந்த வளைவுகள் இப்போது ஒவ்வொன்றும் நீளமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் சொன்னேன். ஒவ்வொன்றிலும் அது பிடித்தது. ஆனால் பஸ் திரும்பி முடித்த பிறகுதான்.