உசிலம்பட்டிக் காளையும் வடகொரியாவும்

வடகொரியா மறுபடி ஏவுகணை விட்டதென்று படித்ததும், கோச்சடை வீட்டில் குடம், வாளி, நாலு டிரம் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்த வீரன் நான். மறுநாள் உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில், நரைத்த மீசையும் பச்சைத் துண்டுமாக நின்ற தரகர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் கையிலிருந்த கயிற்றில் ஒரு குட்டைக் காளை, கொம்பை ஆட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"சின்ன நாடுதாண்ணே. ஆனா அணுகுண்டு வச்சிருக்கான்."

"இதுவும் அப்படித்தான் மாப்ள. யாரும் கிட்ட வந்துரக் கூடாதுன்னுதான் இம்புட்டு ஆட்டம். முட்டுனா அடுத்து கறிக்கடைன்னு அதுக்கே தெரியும்."

"அப்ப பயமில்லையா?"

"ஒண்ணுமில்ல. நிம்மதியாப் போ."

நிம்மதியாகத்தான் பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. காளை திரும்பிய போதெல்லாம் அவரும் திரும்பினார்; பேசி முடிக்கும்வரை ஒருமுறைகூட அதற்கு முதுகைக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று டிரம் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினேன். நாலாவது இன்னும் அப்படியே இருக்கிறது.