எனக்கு ஒட்டிய ஆறு எழுத்து

என் வீட்டுக்காரர் காலமான மறு வருஷம், எங்கள் ஒரே மகனை என் அண்ணன் கோயமுத்தூரில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அம்பதுகளின் கடைசி அது. தாராபுரத்துக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்து வீட்டில் நானும் மாடுகளும்தான். சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட்டால் அப்புறம் பேச ஆள் கிடையாது. வாய்விட்டுச் சாமியிடமே பேசிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஒரு டீச்சர் வந்தார். நானும் போனேன். இன்னிக்குப் படித்தது நாளைக்கு இருக்காது.

"இந்த அக்கா தலை உரலுங்க டீச்சர். இடிச்சுக்கிட்டே இருக்கோணும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அதோடு நின்றுவிட்டேன்.

அண்ணன்தான் மாசாமாசம் போய் மகனைப் பார்த்துவிட்டு வருவார். அந்த மாசம் வெள்ளாமை வேலையில் அவர் போகவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தனியாகப் போகலாமென்றால் பஸ் போர்டு படிக்கத் தெரியாது. ஊர் பேர் தெரியாத ஆம்பளைகளிடம் கேட்டுக்கொண்டு நிற்கக் கூச்சம்.

சந்தைக்குப் போன அன்று பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மாவிடம் கேட்டேன். "அதா நிக்குதுங்க அம்மணி, கோயமுத்தூர் பஸ்ஸு" என்று கை காட்டினார். போர்டைப் பார்த்தேன். ஆறு எழுத்து. முருகன் மந்திரமும் ஆறெழுத்துதானே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அடுப்புச் சாம்பலைப் பரப்பி விரலால் எழுதினேன். ஒன்று விடாமல் வந்தது! ஆசைப்பட்டுப் படித்தால் மூளையில் ஏதோ சுரக்குமாம், அப்போதுதான் படித்தது ஒட்டுமாம். பிற்காலத்தில் ஒரு டாக்டர் ரேடியோவில் சொன்னார். எனக்கும் அன்றைக்கு என்னவோ சுரந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகனுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு, போர்டைப் படித்து, "முருகா" என்று ஏறி உட்கார்ந்தேன்.

"ஏனுங்க அம்மணி, எங்க போகோணும்?" என்றார் கண்டக்டர்.

"கோயமுத்தூருக்குங்க."

"இது ஒட்டன்சத்திரம் போறதுங்க!"

"போர்டுல கோயமுத்தூர்னு போட்டிருக்குதுங்களே?"

கண்டக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கோயமுத்தூர் போயிட்டுத் திரும்பற பஸ்ஸுங்க. போர்டைத் திருப்பி மாட்ட மறந்துபோட்டனுங்க. தெனமும் மாட்டற எழவு, எங்க கவனம் இருக்குது?"

பின்சீட்டுப் பெரியவர், "படிக்காதவங்க கேட்டு ஏறியிருப்பாங்க. இவங்க படிச்சவங்களாச்சே, அதான்!" என்றார். பஸ்ஸே சிரித்தது. என்னைப் படித்தவள் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊர் எல்லையில் இறங்கித் திரும்ப நடந்து வேறு பஸ் பிடித்தேன்.

ஹாஸ்டலுக்குப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. "ஏம்மா, தனியாவா வந்தீங்க?" என்று மகன் ஓடிவந்தான். டப்பாவை வாங்கிக் கூட்டாளிகளுக்கெல்லாம் கொடுத்தான். இவன் பொள்ளாச்சி, இவன் சோமனூர், இவன்தான் எங்க கோல்கீப்பர் என்றான். சூரியனைச் சுற்றும் கிரகங்களை மூச்சுவிடாமல் வரிசையாகச் சொன்னான். முகமெல்லாம் வெளிச்சம்.

"கன்னு உன்னையத் தேடுது கண்ணு" என்றேன்.

"எந்தக் கன்னும்மா?"

தாய் செத்துப்போன கன்று. அவன்தான் பால் புகட்டி வளர்த்தான். அதைச் சொன்னதும், "ஓ, அதுவா" என்றான். மணி அடித்தது. ஓடிவிட்டான்.

திரும்பும் பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். யாரைக் குறை சொல்ல? அவனுக்கு அந்த இடம் பிடிக்க வேண்டும், வீட்டை நினைத்து ஏங்கக்கூடாது என்று சென்னிமலைக்கு நடந்துபோய் வேண்டிக்கொண்டவள் நான்தான். முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டான். மறு வாரமே போய்க் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.