சோற்றுக்கை

கல்யாணத்துக்கு முன் நான் நேர்ஸ் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அது வேண்டாம் என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும்தான். சும்மா இருந்தால் நான் வீட்டில் உள்ளவர்களைச் சும்மா இருக்க விடமாட்டேன் என்று கண்ட என் கணவர், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தெருப் பெண்கள் நடத்திய மாதர் சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டார். அந்த ஒரு காரியத்தில் அவருக்குப் புண்ணியம் உண்டு.

படுக்கையில் விழுந்தவர்களைப் பராமரிக்க அவரவர் வீட்டுக்கே ஆள் பிடித்துக் கொடுப்பது சங்கத்தின் வேலைகளில் ஒன்று. கொடுத்தால் போதுமா? ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று போய்ப் பார்க்க ஒருத்தி வேண்டுமே. "நீங்கள்தானே இதுக்குப் படிச்சனீங்கள்" என்று அதை என் தலையில் கட்டினார்கள்.

அந்த வேலைக்குப் பெரிய இடைஞ்சல் நம்மவர்களின் மரியாதைதான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால், நோயாளிக்கு முகம் கழுவி, பவுடர் பூசி, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் குலையாத விரிப்பின் மேல் படுக்க வைத்திருப்பார்கள். கோயிலில் அலங்காரம் முடிந்து திரை விலக்கியது போல இருக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நோயாளியே, "எனக்கொரு குறையுமில்லை" என்பார். வீட்டுக் குறையை வெளியாளிடம் சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. அதனால் நான் வாயை நம்புவதில்லை. குதிகாலைப் பார்ப்பேன். காதின் பின்புறத்தைப் பார்ப்பேன். தலையணையை முகர்ந்து பார்ப்பேன். சொல்லாமல் கொள்ளாமல், அதுவும் மத்தியானச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போவேன். சாப்பாட்டுக்கு அலைகிற பொம்பிளை என்று எனக்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு டீச்சர் வீட்டுக்கு நான் போனது அவருடைய மகன் சொன்ன முறைப்பாட்டின் பேரில். தகப்பன் இல்லாத ஒரே பிள்ளை, கோட்டையில் ஒரு கம்பனியில் கிளார்க். ஒருநாள் பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கதைத்தான்.

"அக்கா, அந்த மனுசியை மாத்தித் தாங்கோ."

டீச்சருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. களனிப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தியைச் சங்கம் அனுப்பியிருந்தது. சமையலும் அவள்தான். வேலை முடிந்து பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனால், தாயின் சட்டையிலும் விரிப்பிலும் காய்ந்த சோறு, சொதிக் கறை. அரிசிக்குக் கூப்பன் வந்த உலக யுத்த காலம் அது. விரிப்பில் கிடக்கும் ஒவ்வொரு பருக்கையும் அவன் கண்ணில் குத்தியது.

"வாயில தீத்துறதுக்குப் பஞ்சிப்பட்டு, சோத்துக் கோப்பையை மடியில வைச்சிட்டுப் போறாள் போல. அம்மா மெலிஞ்சு போனா. நானே நல்ல கரண்டி ஒண்டு வாங்கிக் குடுத்தனான். அதைத் தொட்டதாயே தெரியேல்லை."

"நீர் தீத்திப் பார்த்தனீரோ?"

"ஞாயிற்றுக்கிழமை தீத்தினனான். பசியில்லை எண்டு வாயை மூடிட்டா. அம்மாவிட்டக் கேட்டால் ஒரு குறையுமில்லை எண்டுறா."

எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. தாய்க்காகக் கண்கலங்குகிற ஆண்பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. சட்டையில் ஒட்டிய சோற்றைப் பார்க்கிறவர்கள் குறைவு. அவள் சரியில்லை என்று நான் ஒரு சொல் சொன்னால் அந்த வாரமே அவளை நிறுத்திவிடுவார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கோட்டைவரை ரயிலில் போய், ட்ராம் பிடித்து, மிச்சத்துக்கு நடந்தேன். போய்ச் சேரும்போது சரியாகச் சோற்று நேரம். டீச்சரின் கட்டில் தெருப் பக்க யன்னலோரம் கிடந்தது. அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரிடம் ஏடு தொடக்கியவர்கள். விஜயதசமியன்று பிள்ளையை மடியில் இருத்தி, பின்னாலிருந்து விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் அகரம் எழுதுவிப்பார். சொந்த மகனுக்கும் அவர்தான் எழுதுவித்தாராம். இதையெல்லாம் வழிகாட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரி நடந்துகொண்டே சொன்னாள்.

நான் என் பார்வையைத் தொடங்கினேன். குதிகால் எண்ணெய் பூசி மெத்தென்று இருந்தது. முதுகில் ஒரு சிவப்புக்கூட இல்லை. தலையணையில் வெயில் வாசம். ஆனால் விரிப்பில், தோய்த்தும் போகாத மஞ்சள் கறைகள். வேலைக்குச் சோம்புகிற பஞ்சிக்காரி முதுகை இப்படி வைத்திருக்கமாட்டாள், கெட்டிக்காரி விரிப்பை இப்படி வைத்திருக்கமாட்டாள். எனக்குக் குழப்பமாக இருந்தது.

"சாப்பாட்டு நேரத்தில வந்திட்டுச் சாப்பிடாமல் போகேலாது பிள்ளை" என்றார் டீச்சர். வாய் கொஞ்சம் கோணியிருந்தாலும் அதிகாரம் குறையவில்லை. எனக்கும் ஒரு தட்டு வந்தது. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி. டீச்சரின் தட்டைக் கொண்டுவந்த பெண் என்னைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"டீச்சர் நோனா, ஆள் இருக்கு."

"அவ நேர்ஸ்தானே. இருக்கட்டும். எனக்குப் பசிக்குது."

அவள் கட்டிலில் ஏறி டீச்சரின் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, செத்துக் கிடந்த அந்த வலக்கையைத் தன் கையால் எடுத்தாள். டீச்சரின் விரல்களுக்கு மேல் அவள் விரல்கள். அந்த இரண்டு கையும் ஒரே கையாகச் சோற்றுக்குள் போய், குழைத்து, கவளமாக்கி, மெல்ல மெல்ல மேலே வந்தன. வழியில் கொஞ்சம் சட்டையில் விழுந்தது, கொஞ்சம் விரிப்பில். வாய்க்குப் போனது மிச்சம். "சொதி காணும்" என்றார் டீச்சர். "குழம்பு தொடு." நான் பிசைந்த சோற்றோடு கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"இது உங்கட யோசனையோ, இவவின்ர யோசனையோ?" என்று பிறகு கேட்டேன்.

"என்ர யோசனைதான். இவ முதல்ல பயந்தவ." டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டார். "இடக்கை தன்ர வேலையைத் தானே செய்யுது, பிள்ளை. அந்த வேலைக்கு நான் ஒருத்தரையும் கூப்பிடுறதில்லை. அந்தக் கையால சோறு தின்னச் சொல்லுறியோ?"

"இல்லை, டீச்சர்."

"கரண்டியால தீத்தினால் முன்னால இருந்து வாயையே பார்த்துக்கொண்டிருப்பினம். எனக்குத் தொண்டையால இறங்காது."

"மகனிட்டச் சொல்லியிருக்கலாமே."

"இடக்கைக் கதையைப் பெடியனிட்ட எப்பிடிக் கதைக்கிறது?"

அவர் மெலிந்ததும் பொய்யில்லை. பாதித் தட்டிலேயே களைத்துவிடுகிறார். ஒரே தடவையில் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்கச் சொன்னேன். மடியில் பழைய சேலைத் துண்டொன்றை விரிக்கச் சொன்னேன். பிறகு மகன் வரும்வரை காத்திருந்து, வாசலில் வைத்தே சொன்னேன்.

"மனுசியை மாத்த ஏலாது, தம்பி. நல்லாப் பார்க்கிறா."

கண்டதை விளங்கப்படுத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "அப்ப பெட்ஷீட்?" என்றான்.

"தோய்க்கலாம்."

"அம்மா என்னட்ட ஏன் சொல்லேல்லை?" என்றான் பிறகு.

பராமரிப்பு எப்படியென்று அறிய இன்னொரு வழியும் வைத்திருந்தேன். பராமரிக்கிறவள் லீவில் நிற்கும் நாளில் போய்ப் பார்ப்பது. அந்தப் பெண் பௌர்ணமிப் போயா தினத்தில் களனி விகாரைக்குப் போவாள். அன்றெல்லாம் டீச்சருக்குத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான் ஆகாரம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த மாதம் போயா ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மகன் வீட்டில் இருப்பான். மத்தியானம் போனேன்.

அவள் விடியவே சமைத்து மூடிவைத்துவிட்டுப் போயிருந்தாள். மகன் கட்டிலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, தட்டும் கரண்டியுமாக இருந்தான். எல்லாம் தெரிந்தும் கரண்டி. தாயின் கையைப் பிடித்துச் சோற்றில் வைக்க அவனுக்குக் கூச்சம். டீச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

"பசியில்லை" என்றார் என்னைக் கண்டதும்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேர் மேலும் வந்தது. ஒருவருக்கொருவர் உயிரை விடக்கூடிய தாயும் பிள்ளையும், வெட்கத்துக்காக ஒரு நேரச் சோற்றை விட்டுவிடுகிறார்கள்.

"தம்பி, கரண்டியை வையும்" என்றேன். "கையைக் கழுவிப்போட்டுப் பின்னால ஏறி இரும்."

அவன் தாயைப் பார்த்தான். டீச்சர் சுவரை விட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். அவன் கட்டிலில் ஏறி அவரைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். இப்போது அவன் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் அவனுக்குத் தெரியாது. தாயின் வலக்கையை எடுத்து, விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்து, சோற்றுக்குள் விட்டான். சோறு நசுங்கி விரல்களுக்கிடையே பிதுங்கியது.

டீச்சர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"இறுக்காத, தம்பி. நான் உன்ர விரலை இப்பிடியோ பிடிச்சனான்?"

அவன் பிடி தளர்ந்தது. அந்த இரண்டு கைகளும் ஒரு கவளத்தை மெல்ல மேலே கொண்டுபோயின. பாதி வாய்க்குள் போயிற்று. மறு பாதி சட்டையிலும் விரிப்பிலும் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவேயில்லை.